ரேமின் மேல் ஒரு குங்குமப் பொட்டு

அய்யா, சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வயிறு காய்ந்திருக்கும்போது உனக்கு எல்லாமே தப்பாகப் படும். அது என் பக்கத்துக் குணம், அதற்கு அம்மாமேல் பழி போடாதே. கிள்ளானிலிருந்து சுபாங் ஜெயாவில் இருக்கும் மகன் வீடு என்ன சீமையிலா இருக்கிறது, நேரில் வந்து சொல்லலாமே, எதற்கு இந்த மனுஷன் இவ்வளவு நீளமாகத் தட்டி அனுப்பியிருக்கிறார் என்று நினைப்பாய். நேரில் வந்தால் நீ நடுவில் புகுந்து "சரி பா, சரி பா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். போனில் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் இதிலேயே சொல்லப்போகிறேன். அயர்லாந்தில் உன்னை வேலைக்குக் கூப்பிடும் அந்த டப்ளின் கம்பெனிக்கு நீ வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டுமாம். வரவில்லை என்று எழுதப்போகிறாயாம். இரண்டையும் அம்மாதான் என்னிடம் சொன்னாள். அந்தப் பதிலை அனுப்புவதற்கு முன்னால், போன வாரம் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட கதையை நீ முழுசாகக் கேட்டாக வேண்டும். உனக்குத் தெரிந்தது பாதிதான்.

அந்தப் பெட்டியை நீதான் எனக்குச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தாய். நான் பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் கடைசி நாள் வேலை முடித்து, மாலையும் கையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, இனி இந்த ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரை என் உயிரை வாங்கப்போகிறார் என்று அம்மா பயந்துவிட்டாள். நீதான் கல்யாணக் கார்டு கடைக்காரரிடம் பேசி, கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தடுக்கிக் கார்டு செய்து தரும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாய். கோலாலம்பூருக்குப் போய் ஒவ்வொரு சாமானாகப் பார்த்து வாங்கிவந்து, நம் கூடத்துத் தரையில் பரப்பிவைத்து, எனக்குப் பாடம் நடத்தினாய். "பா, ஹார்ட் டிஸ்க்கு உங்க பேப்பர் ஸ்டோரு. ரேமு நீங்க வேலை செய்யற மேசை. மேசை பெருசா இருந்தா நாலு கார்டை விரிச்சுப் போட்டுக்கிட்டு வேலை செய்யலாம். கரண்டை நிறுத்தினா மேசை காலி." எத்தனையோ பேர் எனக்கு எதையெதையோ விளக்கியிருக்கிறார்கள், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பச்சை நிறத்தில் சாக்லேட் கட்டி மாதிரி இரண்டு ரேம்களை எடுத்துக் காட்டி, இரண்டு மேசை போட்டிருக்கிறேன், தாராளமாக வேலை செய்யுங்கள் என்றாய். உன்னைப் பற்றி நான் பிறரிடம் பெருமையாகப் பேசுவேன், உன்னிடம் பேசியதில்லை. இப்போது பேசிவிட்டேன், குறித்துக்கொள்.

கதைக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சுங்கை பூலோவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அவள் கார்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரைத் திருத்தி அன்று மத்தியானத்துக்குள் கடைக்கு அனுப்பவேண்டும். கடைக்காரர் அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நீ அப்போது கம்பெனி வேலையாகப் பேங்காக்கில் இருந்தாய். உன்னைக் கூப்பிட்டேன். மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து பேசினாய், பாவம். "பா, பீப் சத்தம் ஏதாச்சும் வருதா?" என்று கேட்டாய். "ஒண்ணும் வரல," என்றேன். "நல்லாக் கேட்டுப் பாருங்க பா. உள்ள சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வச்சிருக்கேன், அது கத்துதான்னு பாருங்க." குனிந்து பார்த்துவிட்டு, "பாத்துட்டேன் லா, சத்தமே இல்ல," என்றேன். "அப்போ மதர்போர்டு போயிருக்கும் பா. எதையும் தொறக்காதீங்க. நான் சனிக்கிழமை வந்து பாக்கறேன். இதுக்குத்தான் பா சொல்றேன்," என்று வைத்துவிட்டாய்.

அந்த "இதுக்குத்தான் பா சொல்றேன்" எனக்குள் முள்ளாகத் தைத்தது. எதற்குத்தான், என்ன சொல்கிறாய் என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பா அம்மாவை இப்படி விட்டுவிட்டு எப்படி அயர்லாந்து போவது என்று கவலைப்படுகிறாய் போலிருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டேன். ஏனென்றால், அய்யா, அந்த நிமிஷத்திலும் நீ போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இந்த இடத்தில் குழம்பாதே, பொறுமையாகப் படி. வேலைக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்து, வாழை இலையில் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு உன் முகத்தை நான் பார்த்தேன். எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அந்த முகம் இல்லை. மருமகள் அங்கே குளிருக்கு என்ன உடுத்துவது என்று அம்மாவிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு கறுப்புத் திரைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு விமானம் ஏறக்கூடாது என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. சனிக்கிழமை வரை காத்திருப்பதா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

நீ சொல்லிக்கொடுத்த முறைப்படி எளியதிலிருந்துதான் தொடங்கினேன். சுவர் பிளக்கை மாற்றினேன். திரைக்குப் போகும் வயரைக் கழற்றி மாட்டினேன். திரையே கெட்டுவிட்டதோ என்று டிவியைக் கூடத்திலிருந்து தூக்கிவந்து மாட்டிப் பார்த்தேன். அதுவும் கறுப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கரண்டைத் திட்டினேன், வயரைத் திட்டினேன், திரை செய்தவனைத் திட்டினேன். உன் அம்மா அப்போது அடுப்படியில் நெத்திலி சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாட்டை வைப்பாள், போய்விடுவாள். என்ன கோபம் என்று நானும் கேட்கவில்லை. அதுவாக வரும், அதுவாகப் போகும் என்று இருந்துவிட்டேன். அன்று கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். "என்னாங்க, அது காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கு. நிறுத்துங்களேன், தலை வலிக்குது," என்றாள். "எது கத்துது?" என்றேன். "இந்தப் பெட்டிதான். டீ... டீ...ன்னு. உங்களுக்குக் கேக்கலியா?"

முதலில் நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்கு லோரி பின்பக்கமாக நகர்ந்து வருகிறது, அந்தச் சத்தம் உனக்குப் பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரித் தெரிகிறது என்று வாதாடினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவன்தானே உன் அப்பன். அவள் என்னைத் தரையில் உட்காரச் சொன்னாள். பெட்டியின் மேல் என் காதை வைத்தேன். காற்றாடியின் இரைச்சல் கேட்டது. வேறு எதுவும் இல்லை. இன்னொரு காதை வைத்தேன். அதுவும் அப்படியே. அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் மணிக்கட்டின் மேல் அழுத்தினாள். நீளமாக ஓர் அழுத்தம், விட்டாள். மறுபடி நீளமாக ஓர் அழுத்தம், விட்டாள். "இப்படித்தான் கத்துது. விட்டு விட்டு, நீட்டமா," என்றாள். அடுப்படியில் சம்பல் தீய்ந்து வாசம் வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அவள் விரல் என் கையில் அழுத்திக்கொண்டே இருந்தது, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது அய்யா. கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை.

ஆனால் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கார்டு போகவேண்டுமே. கைப்பேசியில் தேடினேன். நீட்டமாக விட்டு விட்டுக் கத்தினால் ரேமைப் பார் என்று ஒரு வீடியோவில் மலாய்ப் பையன் ஒருவன் பேசியிருந்தான். போர்டு சாகவில்லை, அதன் மேசையைத்தான் காணோம் என்று கத்துகிறது. காலையில் நான் மட்டும் உனக்குச் சரியான பதிலைச் சொல்லியிருந்தால் நீ அங்கிருந்தே சொல்லியிருப்பாய். இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த வேலைதான், ஆனாலும் நான் செய்தேன் என்பதை நீ நம்பவேண்டுமே. பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பிடித்து உள்ளே மிச்சமிருந்த கரண்டைத் தீர்த்தேன். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்தேன். உடம்பில் ஓடும் சின்ன மின்சாரம்கூட அந்தச் சில்லுகளைக் கொன்றுவிடும் என்று நீ பயமுறுத்தியது நினைவிருந்தது, அதனால் முதலில் பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுக்கொண்டேன். அம்மா டார்ச் பிடித்தாள். இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் கொக்கிகளை வெளிப்பக்கமாகத் தள்ளினேன். ரேம் லேசாகத் துள்ளி மேலே வந்தது. ஓரத்தைப் பிடித்து எடுத்தேன். அம்மா, "ஐயையோ," என்றாள். ரேமின் தலையில் ஒரு குங்குமப் பொட்டு.

உனக்குச் சிரிப்பு வரும், எனக்கும் அப்புறம் வந்தது. போன சரஸ்வதி பூஜைக்கு நீ மருமகளின் வீட்டுக்குப் போயிருந்தாய். நம் வீட்டு வழக்கம் தெரியும், அம்மா ஒரு தட்டில் சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் வாசலில் நிற்கிற காடி, மோட்டார் சைக்கிள், மிக்ஸி, தையல் மெஷின், என் கத்தரிக்கோல் எதுவும் தப்பாது. அந்தச் சமயம் வெயில் கொளுத்துகிறது, உள்ளே காற்று போகட்டும் என்று நான் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தேன். அவள் வெளியே பொட்டு வைத்தாள். உள்ளேயும் எட்டிப் பார்த்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான். "உள்ள நிக்குதே, இதுதானே முக்கியமான சாமான்? பையன் மேசைன்னு சொன்னானே?" என்று கேட்டாள். "ஆமா, அதுதான்," என்று நான்தான் காட்டினேன். முக்கியமான சாமானுக்குப் பொட்டு இல்லாமலா? சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்திருந்தாள். அது ரேமின் உடம்பில் வழிந்து அடி வரைக்கும் இறங்கி, காய்ந்து, மாசக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. போதாக்குறைக்குப் பெட்டி இருப்பது சாமி மேடைக்குக் கீழே. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. அடியில் தங்கம் மாதிரி மின்னவேண்டிய பற்களெல்லாம் மங்கிப் பழுப்பேறிக் கிடந்தன.

"நான் வச்ச பொட்டுதான் கெடுத்துச்சா?" என்று கேட்டாள். முகம் சிறுத்துவிட்டது. "சாமி கும்பிட்டதுல கெடல. ஓவரா மரியாதை குடுத்துட்டோம், மூச்சு முட்டிருச்சு," என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. உன் பள்ளிக்கூடப் பென்சில் பெட்டியில் ஒரு வெள்ளை அழிப்பான் கிடந்தது. அதை வைத்து அந்தப் பற்களை மெல்ல, ஒரே பக்கமாகத் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும் என்று அந்த மலாய்ப் பையன் சொல்லியிருந்தான். அழிப்பான் தூளை வாயால் ஊதப்போனேன், அம்மா என் வாயைப் பொத்தினாள். எச்சில் ஈரம் பட்டால் மறுபடி களிம்பு பூக்கும் என்று வீடியோவில் அவளும் பார்த்திருக்கிறாள். அச்சகத்தில் துடைப்பதற்கு வைத்திருப்போமே ஆல்கஹால், தண்ணீர் கலக்காதது, அதில் ஒரு பாட்டில் என்னிடம் இருந்தது. நூல் விடாத துணியில் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்தேன். ரேம் நின்ற பள்ளத்துக்குள்ளும் சிவப்புத் தூள். அதை அவள் புதுப் பெயிண்ட் பிரஷால் பெருக்கி எடுத்தாள், கோலப் பொடியை அள்ளுவது மாதிரி நிதானமாக. எல்லாம் காயும்வரை உட்கார்ந்து தீய்ந்த சம்பலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டோம். அன்றைக்கு அது நன்றாகவே இருந்தது.

பிறகு ஒரு ரேமை மட்டும் மாட்டினேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எது நல்லது, எது கெட்டது என்று எப்படித் தெரியும்? நடுவில் இருக்கும் வெட்டைப் பார்த்து நேராக வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். போர்டு உடைந்துவிடுமோ என்று கை தயங்கியது. கொக்கி தானாக வந்து கடிக்கும்வரை அழுத்தவேண்டும், அரைகுறையாக உட்கார்ந்தால் உட்காராததற்குச் சமம். பிளக்கை மாட்டினேன். அம்மா தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொத்தானை அமுக்கினேன். நீளமாக அழுத்தினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி நிறுத்தி, அந்த ரேமை எடுத்துவிட்டு இரண்டாவதை மாட்டி, பொத்தானை அமுக்கினேன். அவள் விரல் என் மணிக்கட்டில் டக்கென்று ஒரே ஒரு தட்டு தட்டி நின்றுவிட்டது. நான் அடுத்த தட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் திரையில் வெளிச்சம். முதல் ரேமை மறுபடியும் தேய்த்துத் துடைத்துப் பூட்டியதும் அதற்கும் அதே ஒரு தட்டு. கார்டு மத்தியானமே போய்விட்டது. உன்னைக் கூப்பிட்டு, "சரி பண்ணிட்டேன், ரேம்தான்," என்றேன். "சூப்பர் பா! ஆனா பீப் வரலன்னீங்களே?" என்றாய். "அப்புறமா வந்துச்சு," என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ அறிந்த பாதி இவ்வளவுதான்.

மிச்சத்தை இப்போது கேள். அன்று சாயங்காலம் அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் எதிரில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். "அன்னிக்குப் பையன் போன்ல பேசினானே, நீங்க தோட்டத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தீங்களே, அன்னிக்கு அவன் என்ன சொன்னான்னு உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சே. டப்ளின் விஷயமாப் பேசினான். எல்லாம் முடிவாயிருச்சுன்னான்," என்றேன். "என்ன முடிவு?" என்றாள். நான் விழித்தேன். உண்மையைச் சொன்னால், டப்ளின் என்பதும் முடிவு என்பதும்தான் எனக்குக் கேட்டன. நடுவில் இருந்ததை நானே நிரப்பிக்கொண்டேன். "அவன் போகலன்னு சொன்னான். நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கீங்க, எனக்கு மனசு வரல, வேணான்னு சொல்லிடப் போறேன் பா, உங்களுக்கு ஓகேவான்னு கேட்டான். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? நல்லதுப்பா, ரொம்ப சந்தோஷம்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு."

இப்போது அவள் ஒரு வாரம் பேசாததற்குக் காரணம் புரிகிறதா? பிள்ளையின் வாழ்க்கையைப் பிடித்துவைத்துக்கொண்டு ரொம்ப சந்தோஷம் என்று சொல்கிற மனுஷனா இவர் என்று அவளுக்கு ஆறவில்லை. "ஆனா எனக்கும் ஒரு பக்கம் சந்தோஷமாத்தான் இருந்துச்சுங்க. அதனாலதான் உங்கள ஒண்ணும் கேக்கல," என்று சொல்லி அழுதுவிட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். சங்கு ஊதியவன் பாட்டுக்கு ஊதிவிட்டுப் போகிறான், செவிடன் பதில் சொன்னால்தானே ஆபத்து. நான் பதில் சொல்லியிருக்கிறேன். நீயும் அதைக் கேட்டுக்கொண்டு, அப்பாவுக்கும் நான் போவதில் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, மருமகளிடம் அப்படியே சொல்லியிருக்கிறாய். அவள் வாங்கிவைத்த குளிர்ச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

மறுநாளே அம்மா என்னைக் காது பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் அங்கிள் என்றது அங்கே வேலை பார்க்கும் பெண். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்கலாம் என்று பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் அதற்குள் பாதி சோதனையை முடித்திருந்தது. அவ்வளவு வருஷம் அச்சு மெஷின் பக்கத்தில் காதில் பஞ்சுகூட வைக்காமல் நின்றவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் எனக்குப் போய்விட்டன. நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுகிறேன், அதனால்தான் நீயும் கண்டுபிடிக்கவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. போனில்தான் மாட்டிக்கொள்கிறேன். இரண்டு காதுக்கும் கேட்கும் மெஷினுக்குச் சொல்லியிருக்கிறது, அளவெடுத்தாகிவிட்டது. இதையெல்லாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மறைத்து உன்னை விமானம் ஏற்றிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னால் நீ நின்றுவிடுவாய் என்று பயம். சொல்லாமல் அனுப்பினால், அங்கே உட்கார்ந்துகொண்டு நீ பேசுவதற்கெல்லாம் நான் இங்கே நல்லதுப்பா, நல்லதுப்பா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அது அதைவிடப் பெரிய பயம்.

ஆகவே சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்குக் காது மந்தம். உன் அம்மாவுக்கு முட்டிவலி, அது உனக்கே தெரியும். அவளுக்குக் காது கேட்கிறது, எனக்குக் குனிந்து நிமிர முடிகிறது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும், அந்த ஆள் போன வாரம் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டியிருக்கிறார். நாளைக்கு எங்களால் முடியாத ஒன்று வரும், அப்போது வெட்கப்படாமல் உன்னைக் கூப்பிடுவோம். டப்ளினிலிருந்து வருவதற்கு ஒரு நாள் ஆகும் என்றால் ஒரு நாள் காத்திருப்போம். நீயும் ஒன்று செய்யவேண்டும். அங்கே போனால் நீயும் மருமகளும்தான், வேறு யாரும் இல்லை. அவள் ஏதாவது சொல்லி உனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "ம்ம்" போடாதே. என்ன சொன்னே என்று திருப்பிக் கேள். அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்தால், அதுவாகப் போகும் என்று என்னை மாதிரி இருந்துவிடாதே. போய் எதிரில் உட்கார்.

நீ போவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். சனிக்கிழமை ஆனால் வாசலில் உன் காடிச் சத்தம் வருமா என்று பார்ப்பவன் நான், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நன்றாகவே கேட்கிறது. ஏர்போர்ட்டில் அழுவேன், அம்மாவைவிட அதிகமாக அழுவேன், நீ அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடு. ஆனால் அன்று தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன பதில் நீ கேட்ட கேள்விக்கு இல்லை. நீ போகிறேன் என்று சொன்னதாக நினைத்து, அதற்குத்தான் ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். நீ போகவில்லை என்று சொன்னது எனக்குக் கேட்டிருந்தால், குழாயைக் கீழே போட்டுவிட்டு என்ன சொல்லியிருப்பேனோ, அதை இப்போது சொல்கிறேன்.

"அட மடப்பயலே, எங்களுக்காகவா நிக்கறே? போயிட்டு வாடா."